பாழடைந்த கிராமத்து ஆஸ்பத்திரிக்குள் போவதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூடிக் கிடக்கும் பழைய கட்டடங்களைப் படமெடுப்பது பல வருடமாக எனக்குப் பழக்கம். ஆலை, பங்களா, ரயில் நிலையம் என்று எதைக் காட்டினாலும் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள், ஆஸ்பத்திரிப் படம் என்றால் மட்டும் உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அதே இருபது சொச்சம் கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

பாழடைஞ்ச ஆஸ்பத்திரியில போய்ப் பார்க்க அப்படி என்னதான் இருக்கு?

வேலை நடந்த தடம். வீட்டைக் காலி செய்கிறவர்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், ஆலையை மூடினால் இயந்திரத்தை விற்றுவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் நல்லதெல்லாம் புது இடத்துக்குப் போகும், பழசு அப்படியே நிற்கும். இரும்புக் கட்டில், துருப்பிடித்த சலைன் ஸ்டாண்டு, மருந்து கொடுக்கும் ஜன்னல். அந்த ஜன்னலுக்கு முன்னால் மட்டும் சிமென்டுத் தரை கிண்ணம் மாதிரி லேசாகக் குழிந்திருக்கும், அத்தனை வருடம் அத்தனை பேர் நின்ற இடம் அது. வார்டு வாசல்களின் இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்தில் பெயின்ட் உரிந்து மரம் தெரியும், அது ஸ்ட்ரெச்சர் இடித்த உயரம்.

பேய்ப்படம் மாதிரி எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துதான் வருவீர்கள். ஒரு கட்டடம் எப்படி வேலை செய்தது என்று யோசிக்கப் பிடிக்கும் என்றால் ஒரு நாள் முழுக்கப் போதாது.

ஊருக்கு வெளியே, யாரும் இல்லாத இடத்துல இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியை ஏன் கட்டி வெச்சாங்க?

பெரும்பாலும் காற்றுக்காக. கிருமியைப் பற்றித் தெரிவதற்கு முன்னால் கெட்ட காற்றுதான் நோயைப் பரப்புகிறது என்று நம்பினார்கள். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் மருத்துவமனைக் கட்டடங்களைப் பற்றி எழுதியபோது, ஒன்றோடொன்று ஒட்டாத நீளமான வார்டுகள், இரண்டு பக்கமும் உயரமான ஜன்னல்கள் என்று வலியுறுத்தினார். காரணம் தப்பு, ஆனால் முடிவு சரிதான். நீங்கள் பார்க்கும் பழைய ஆஸ்பத்திரி ரயில்பெட்டி மாதிரி நீளமாக இருந்தால் அந்தச் சிந்தனையின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம்.

காசநோய் விடுதிகள் இன்னும் ஒதுக்குப்புறமானவை. ஹெர்மன் பிரேமர் என்ற மருத்துவர் 1850-களில் இன்றைய போலந்தில் உள்ள ஒரு மலைக் கிராமத்தில் ஆரம்பித்து வைத்த வழி அது. ராபர்ட் கோச் 1882-இல் கிருமியைக் கண்டுபிடித்த பிறகும் அதைக் கொல்லும் மருந்து வர இன்னும் அறுபது வருடம் ஆனது. அதுவரை காற்று, வெயில், ஓய்வு, நல்ல சாப்பாடு, இவைதான் வைத்தியம். கட்டில்களைத் தள்ளிக்கொண்டு வந்து வரிசையாகப் போடும் அளவுக்கு அகலமான வராந்தா, அதுவும் வெயில் விழும் பக்கமாக இருந்தால் அநேகமாக அது காசநோய் ஆஸ்பத்திரி.

அப்புறம் ஏன் விட்டுட்டுப் போனாங்க?

காசநோய் விடுதிகளைக் காலி செய்தது மருந்து. 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது, 1952-இல் ஐசோநயசிட் வந்தது. மாத்திரை சாப்பிடுகிறவர் விடுதியில்தான் படுத்திருக்க வேண்டுமா, வீட்டிலேயே இருக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் சொன்னது 1956-இல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு. வீட்டில் இருந்து சிகிச்சை எடுத்தவர்களும் விடுதியில் இருந்தவர்கள் அளவுக்கே குணமானார்கள் என்று 1959-இல் முடிவுகள் வெளியாகின. கூட இருந்த குடும்பத்தினருக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. உலகம் முழுக்க மலைமேல் கட்டிய விடுதிகளுக்கு அதற்கப்புறம் பெரிதாக வேலை இல்லை.

சாதாரணக் கிராமத்து ஆஸ்பத்திரிகளின் கதை இவ்வளவு சுவாரசியமானதல்ல. ஆட்கள் ஊரைவிட்டுப் போனார்கள், மருத்துவர் வர மறுத்தார், சாலை நன்றானதும் மக்கள் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போனார்கள். இடிக்காமல் விட்டதற்குக் காரணம் பெரும்பாலும் பணம். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) போன்றவற்றை முறைப்படி அகற்றி இடிக்க ஆகும் செலவு, ஒதுக்குப்புறமான அந்த நிலத்தின் விலையைவிட அதிகமாகிவிடும்.

யாருமே இல்லாத கட்டடம்தானே, இதுக்கு எதுக்கு அனுமதி?

ஆள் இல்லாத கட்டடம் வேறு, சொந்தக்காரர் இல்லாத கட்டடம் வேறு. இரண்டாவது வகையை நான் இதுவரை பார்த்ததே இல்லை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் அத்துமீறி நுழைந்தவர் என்ற பெயரோடு உள்ளே காலை ஒடித்துக்கொண்டு கிடப்பது எந்த நாட்டிலும் நல்லதில்லை.

அக்கம்பக்கத்தில் விசாரித்தாலே பாதி தெரிந்துவிடும், மீதி நிலப் பதிவுகளில் இருக்கும். கேட்கும்போது எந்தத் தேதி, எத்தனை பேர், எதற்காக, எதையும் தொட மாட்டோம் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். "உள்ளே அடிபட்டால் நாங்கள் பொறுப்பல்ல" என்று கையெழுத்து கேட்பார்கள், போடுங்கள். நான் கேட்டதில் பாதிக்கு மேல் மறுத்துவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சம்மதித்த இடங்களில் சாவியோடு ஒருவர் கூட வருவார், அவர் சொல்லும் கதைக்கே போன செலவு சரியாகிவிடும்.

பேய் இருக்குமா?

இல்லை. இரவில் தகரம் காற்றில் அடித்துக்கொள்ளும், வெயில் தாழ்ந்ததும் குழாய்கள் சுருங்கி டக் டக் என்று சத்தம் போடும், ஆந்தை பரணில் நடந்தால் ஒரு ஆள் நடப்பது மாதிரியே கேட்கும்.

பேய்க்கதைக்குப் பின்னால் இருக்கும் நிஜம்தான் எனக்குப் பிடிக்கும். அமெரிக்காவின் கென்டக்கியில் வேவர்லி ஹில்ஸ் என்ற பழைய காசநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது, 1961-இல் மூடியது. அங்கே மலையடிவாரத்துக்கு இறங்கும் சுமார் 150 மீட்டர் சுரங்கப்பாதையைப் "பிணப் பாதை" என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். அது சாமான்களும் ஊழியர்களும் மேலே வரக் கட்டியது. பிறகு இறந்தவர்களை அந்த வழியாக இறக்கினார்கள், ஏனென்றால் படுத்திருக்கும் மற்ற நோயாளிகள் தினமும் அதைப் பார்த்து மனம் உடைந்துபோகக் கூடாது.

தனியா போகலாமா?

கூடாது. மூன்று பேர் சரியான எண்ணிக்கை: ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் பக்கத்தில் இருக்கலாம், ஒருவர் போய் ஆள் கூட்டி வரலாம். கிராமத்துப் பக்கம் போன் சிக்னல் பல இடங்களில் கிடைக்காது, தடிமனான சுவருக்குள் போனால் கிடைக்கிறதும் போய்விடும். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வேலை செய்யும் ஆஸ்பத்திரி பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து வைப்பதும் நல்லது. மூடிய ஆஸ்பத்திரிக்குள் நின்றுகொண்டு அதைத் தேடுவது ரொம்பவே சங்கடமான அனுபவம், எனக்கு ஒரு தடவை நடந்தது. அதை அடுத்து வரும் தரைக் கேள்வியில் சொல்கிறேன்.

தரை உறுதியா இருக்கான்னு பார்த்தாலே தெரியுமா?

தெரியாது, அதுதான் தொல்லை. கூரை ஒழுகினால் கீழே உள்ள தரை அழுகும் என்பது மட்டும் நிச்சயம், அதனால் நான் முதலில் மேலே பார்ப்பேன், அப்புறம்தான் கீழே. கூரையில் கறை, தொங்கும் பூச்சு, வானம் தெரியும் ஓட்டை, இதில் ஏதாவது இருந்தால் அதற்கு நேர் கீழே கால் வைக்க மாட்டேன். மரத்தரை என்றால் ஆணி வரிசை தெரியும் கோட்டில் நடக்க வேண்டும், அங்கேதான் அடியில் விட்டம் ஓடும். அறையின் நடுவைவிடச் சுவரோரம் பரவாயில்லை. மாடிப்படியிலும் அப்படியே, சுவர்ப் பக்கமாக ஏற வேண்டும், ஒருவர் ஏறி முடித்த பிறகுதான் அடுத்தவர். சிமென்டுக் கூரையிலும் தளத்திலும் கம்பி துருப்பிடித்து வீங்கிப் பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே தெரிந்தால் அந்தப் பகுதிக்கே போகாதீர்கள். கல்நார்த் தகட்டுக் கூரைமேல் ஏறுவது பற்றி யோசிக்கவே வேண்டாம், அது முன்னறிவிப்பு இல்லாமல் உடையும்.

ஒரு இடத்தில் தாழ்வாரம் முழுக்க ஓடு பதித்திருந்தது, பளபளவென்று ஒரு விரிசல்கூட இல்லை. நண்பர் இரண்டாவது அடி வைத்ததும் தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டார். ஓட்டுக்கு அடியில் இருந்த பலகை பிஸ்கட் மாதிரி நொறுங்கிப் போயிருந்தது, மேலே ஓடு மட்டும்தான் பழக்கதோஷத்தில் நின்றுகொண்டிருந்தது. காலை நேராக இழுத்திருந்தால் உடைந்த பலகை முனைகள் சதையைக் கிழித்திருக்கும், அதனால் சுற்றியிருந்த பலகையை ஒவ்வொன்றாக உடைத்து எடுத்தோம். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம்.

என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

ஆளுக்கு இரண்டு விளக்கு. ஒன்று நெற்றியில் மாட்டுவது, ஒன்று கையில். ஆணி குத்தினாலும் தாங்கும் அடித்தகடு வைத்த பூட்ஸ், தடித்த கையுறை, முழுக்கை சட்டை, தலைக்கவசம். தண்ணீர், சோப்பு, முதலுதவிப் பை. முகக்கவசத்தைப் பற்றி அடுத்த பதிலில் தனியாகச் சொல்கிறேன். தடுப்பூசியையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்: டெட்டனஸ் ஊசி பொதுவாகப் பத்து வருடத்துக்கு ஒரு முறை, அழுக்கான காயம் பட்டால் ஐந்து வருடம் தாண்டியிருந்தாலே மறுபடி போடுவார்கள்.

துணி மாஸ்க் போதாதா?

போதாது. பழைய ஆஸ்பத்திரிகளில் சுடுநீர்க் குழாய்களைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பூச்சு, கூரைத் தகடு, சில தரை ஓடுகள் எல்லாவற்றிலும் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு எப்போதும் கொதிநீரும் நீராவியும் தேவைப்பட்டதால் இந்தக் குழாய்கள் வீட்டைவிடப் பல மடங்கு அதிகம். அந்த இழை நுரையீரலுக்குள் போனால் இருமல்கூட வராது, பத்து இருபது வருடம், சில சமயம் நாற்பது வருடம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். இதற்கு என்95 கவசம்கூடப் பரிந்துரைக்கப்படுவதில்லை, பி100 வடிகட்டி மாட்டிய ரப்பர் அரைமுகக் கவசம் வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகுந்துவிடும், கவசம் போட்டும் போடாத மாதிரிதான்.

எச்சமும் ஒரு காரணம். வௌவால், பறவை எச்சத்தில் வளரும் ஒரு பூஞ்சை நுரையீரலைப் பாதிக்கும், எலிப் புழுக்கை காய்ந்து தூசியானால் சில பகுதிகளில் ஹான்டா வைரஸ் அதிலிருந்து பரவும். எதையும் காலால் தள்ளாதீர்கள், கூட்டாதீர்கள், ஊதாதீர்கள். வெளியே வந்ததும் துணியைத் தனிப் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள், அப்படியே காரில் ஏறி உட்காராதீர்கள்.

பழைய நோயாளிகளோட கிருமி இன்னும் அங்கேயே இருக்குமோன்னு பயமா இருக்கு.

இந்தப் பயம் எல்லாருக்கும் இருக்கிறது, ஆனால் அநேகமாகத் தேவையில்லாதது. காசநோய்க் கிருமி வெயில் பட்டால் சீக்கிரமே செத்துப்போகும், இருட்டிலும் இருபது முப்பது வருடமெல்லாம் சுவரில் காத்துக்கொண்டிருக்காது. பெரும்பாலான நோய்க் கிருமிகளுக்கு ஆள் வேண்டும், ஆள் இல்லாத கட்டடம் அவற்றுக்குப் பாலைவனம். டெட்டனஸ் விதிவிலக்கு, அதன் வித்துகள் மண்ணிலேயே வருடக்கணக்கில் இருக்கும், ஆனால் அது ஆஸ்பத்திரிக்காகத் தனியாக வந்ததல்ல. போன பதிலில் சொன்ன எச்சமும் தூசியும்தான் நிஜமான கவலை.

அப்போ ஊசி குத்திட்டாலும் பரவாயில்லையா?

அப்படிச் சொல்லவில்லை! கட்டடம் மூடி முப்பது வருடம் ஆகியிருக்கலாம், ஆனால் தரையில் கிடக்கும் ஊசி போன வாரம் யாரோ போதைக்குப் பயன்படுத்திப் போட்டதாக இருக்கலாம். மஞ்சள்காமாலையில் பி வகை வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் தாங்கும். சி வகை, ஊசிக்குழலுக்குள் 63 நாள் வரை உயிரோடு இருந்ததாகச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள்.

குத்திவிட்டால் பிதுக்காதீர்கள், உறிஞ்சாதீர்கள். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். எச்.ஐ.வி தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. "எங்கே குத்தியது" என்று கேட்டால் வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே ரூமுக்குள்ள போனா ரேடியேஷன் தாக்குமா?

தாக்காது. எக்ஸ்ரே இயந்திரம் பல்பு மாதிரி, உயர் மின்னழுத்தம் கொடுத்தால்தான் கதிர் வரும், மின்சாரத்தை நிறுத்தினால் அந்த நொடியே நின்றுவிடும். சுவரிலோ காற்றிலோ எதுவும் மிச்சம் இருக்காது. கதவு அசாதாரணக் கனமாக இருந்தால் உள்ளே ஈயத் தகடு இருக்கிறது என்று அர்த்தம். தகட்டைத் திருடிப் போயிருந்தால் கதவு பிளந்து கிடக்கும்.

அந்த அறையில் பழைய எக்ஸ்ரே ஃபிலிம்தான் கவனிக்க வேண்டியது. 1920-களின் ஃபிலிம் பல நைட்ரோசெல்லுலோஸ், எளிதில் தீப்பற்றும், எரியும்போது நச்சுப்புகை வரும். 1929 மே 15-ஆம் தேதி அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் அடித்தளத்தில் வைத்திருந்த இந்த ஃபிலிம்கள் எரிந்து 123 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையால்தான். பழுப்பேறிப் பிசுபிசுத்து, காரமான வாடையோடு ஃபிலிம் கட்டு கிடந்தால் தொடாமல் வெளியே வந்து உரிமையாளரிடம் சொல்லுங்கள்.

சரி, அப்போ ரேடியேஷன் பயமே வேண்டாமா?

எக்ஸ்ரேக்கு வேண்டாம். புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை கொடுத்த இடமென்றால் வேண்டும். அந்தக் காலத்து இயந்திரங்கள் பலவற்றுக்குள் கதிரியக்கப் பொருளே இருக்கும், அதற்கு சுவிட்சு கிடையாது.

பிரேசிலின் கோயானியா நகரத்தில் ஒரு தனியார் கதிர்ச் சிகிச்சை நிலையம் வேறு இடத்துக்கு மாறியபோது, சீசியம்-137 வைத்த ஓர் இயந்திரம் பழைய கட்டடத்திலேயே நின்றுவிட்டது. 1987 செப்டம்பர் 13 அன்று இரண்டு பேர் பழைய இரும்புக்குப் போடலாம் என்று அதன் தலைப்பகுதியைக் கழற்றி எடுத்துப் போனார்கள். உள்ளே இருந்தது 93 கிராம் பொடி, ஒரு கைப்பிடிகூட வராது. அதை வாங்கிய பழைய இரும்பு வியாபாரி, இருட்டில் நீலமாக ஒளிர்வதைப் பார்த்து வீட்டுக்குள் கொண்டுவந்து உறவினர்களையும் நண்பர்களையும் கூப்பிட்டுக் காட்டினார், ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார். என்ன நடக்கிறது என்று தெரிய இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. நான்கு பேர் இறந்தார்கள், அதில் ஒருத்தி ஆறு வயதுக் குழந்தை. சுமார் 1,12,000 பேரைப் பரிசோதித்ததில் 249 பேரிடம் கதிரியக்கம் படிந்திருந்தது.

சீசியம்-137 பாதியாகக் குறையவே முப்பது வருடம் ஆகும். அதனால் மூவிதழ்க் கதிர்வீச்சுக் குறி, அல்லது சிவப்பு முக்கோணத்தில் மண்டையோடும் ஓடும் மனிதனும் இருக்கும் குறி (2007-இல் வந்தது, படிக்கத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்றே வரைந்தது), எதைப் பார்த்தாலும் திரும்பிவிடுங்கள். அளவுக்கு மீறிக் கனமாக இருக்கும் சின்ன உருளை, ஈயப் பெட்டி, எதையும் தூக்கிப் பார்க்காதீர்கள்.

லேப்ல கலர் கலரா பாட்டில் இருக்கு, மூடியைத் திறந்து பார்த்தா என்ன?

திறக்காதீர்கள். திசு பதப்படுத்தப் பயன்படுத்திய பிக்ரிக் அமிலம் மஞ்சள் நிறத்தில் இருக்கும், ஈரமாக இருக்கும்வரை சாது. தண்ணீர் ஆவியாகிக் காய்ந்துவிட்டால் அது வெடிமருந்து, மூடியைத் திருகும் உராய்வே அதற்குப் போதும். மயக்க மருந்தாக இருந்த ஈதரும் பழசானால் மூடியோரம் படிகம் கட்டும், அதுவும் வெடிக்கும். ஃபார்மலின் வெடிக்காது, கண்ணையும் தொண்டையையும் பதம் பார்க்கும். லேப் கதவிலிருந்து படமெடுத்துக்கொண்டு நகர்வதுதான் என் வழக்கம்.

பாதரசம் சிந்திக் கிடந்தா?

பழைய ரத்த அழுத்தமானி ஒன்றில் சுமார் 100 கிராம் பாதரசம் இருக்கும், வெப்பமானியில் ஒரு கிராம் அளவுக்கு. நிறமும் வாடையும் இல்லாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. தரை இடுக்கில் சின்னச் சின்ன வெள்ளி மணி மாதிரி மின்னினால் அந்த அறைக்குள் போக வேண்டாம். மிதித்துவிட்டால் செருப்போடு உங்கள் வீட்டுக்கும் வந்துவிடும்.

அண்டர்கிரவுண்டுல போய்ப் பார்க்கலாமா? பிணவறை அங்கேதான் இருக்கும்னு சொல்றாங்களே.

கொதிகலன் அறை, சலவை, பிணவறை எல்லாம் பெரும்பாலும் அடித்தளத்தில்தான் இருக்கும், ஆசை வருவது நியாயமே. ஆனால் தண்ணீர் தேங்கியிருந்தால் இறங்கக் கூடாது. ஆழம் தெரியாது, அடியில் மூடியில்லாத குழி இருக்கலாம், காற்றில் பிராணவாயு குறைந்திருக்கலாம், அழுகின இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு தேங்கியிருக்கலாம். அந்த வாயு முதலில் முட்டை வாடை அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, "வாடை போயிடுச்சு" என்று நினைக்கும் நேரம்தான் மோசமான நேரம். ஒருவர் மயங்கி விழுந்தால் பின்னாலேயே தூக்கப் போகிறவரும் விழுவார்.

தவறி விழும் ஆபத்தும் உண்டு. லிஃப்ட் கதவு திறந்திருந்தால் அது அறை மாதிரி இருட்டாகத்தான் தெரியும். வெளியே புல் மண்டிய வளாகத்தில் கழிவுத் தொட்டியின் பலகை மூடி, மூடாத கிணறு. நான் கட்டடத்துக்குள் இருப்பதைவிட வெளியே நடக்கும்போதுதான் கம்பால் தட்டித் தட்டி நடப்பேன், பாம்புக்கும் சேர்த்து.

மூடி எத்தனை வருஷம் ஆச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எல்லாரும் காலண்டரைத்தான் பார்ப்பார்கள், அது பொய் சொல்லும். ஒரு இடத்தில் சுவர்க் காலண்டரை நம்பி ஒரு வருடம் எழுதி வைத்தேன், கூட வந்த காவலாளி சிரித்துவிட்டார்: "அது நான் மாட்டினதுங்க, ஆஸ்பத்திரி அதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே போயிடுச்சு."

நான் இப்போது மேசை டிராயரில் விரித்த செய்தித்தாள், மருந்து அட்டையின் காலாவதித் தேதி, தீயணைப்புக் கருவியில் தொங்கும் சோதனைச் சீட்டு, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்ப்பேன். சோதனைச் சீட்டுதான் நம்பகமானது, கட்டடத்தை விட்டுவிட்டார்கள் என்பது முதலில் அதில்தான் தெரியும். கட்டடம் எப்போது எழுந்தது என்று தெரிய வேண்டுமானால் சுவரும் தரையும் சேரும் மூலையைப் பாருங்கள். அழுக்கு சேராமல் துடைக்க வசதியாக வளைவாகப் பூசியிருந்தால், கிருமி என்ற ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகு கட்டியது.

உள்ளே யாராவது தங்கியிருந்தா?

சத்தம் கொடுத்துக்கொண்டே உள்ளே போவது என் பழக்கம், ஒளிந்து நுழைவதில்லை. விரித்த பாய், புதுத் தண்ணீர் பாட்டில், அணைத்த அடுப்பு தெரிந்தால் அது ஒருவரின் வீடு. வணக்கம் சொல்லி, மன்னிப்புக் கேட்டுத் திரும்பிவிடுங்கள், படமெடுக்காதீர்கள்.

ஞாபகத்துக்கு ஒரே ஒரு பொருள் எடுத்துட்டு வரேன், யாருக்கு நஷ்டம்?

கோயானியாவில் எடுத்துப் போனவர்களும் வேண்டாத பொருள் என்றுதான் நினைத்தார்கள். அதைவிடுங்கள், சட்டப்படி அது திருட்டு, அனுமதிக் கடிதம் கையில் இருந்தாலும் அப்படித்தான். எடுக்க ஆரம்பித்தவுடன் அடுத்து வருகிறவருக்கு அது பார்க்க ஒன்றுமில்லாத வெறும் கட்டடமாகிவிடும். நான் பொருளை நகர்த்திவைத்துக்கூடப் படமெடுப்பதில்லை. சக்கர நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்தில் தள்ளி வைத்து எடுத்த படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

நோயாளிங்க பேரோட பழைய ரெஜிஸ்டர் கிடைச்சுது. படம் எடுத்துப் போடலாமா?

இந்தப் பட்டியலிலேயே சிக்கலான கேள்வி இது. பதில், போடாதீர்கள். பெயர், வயது, ஊர், நோய் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். அவர் இறந்திருந்தாலும் பிள்ளைகள் அதே ஊரில் இருப்பார்கள், காசநோய், தொழுநோய், மனநலம் என்று எழுதிய ஒரு வரி ஒரு குடும்பத்துக்கு இன்றும் வலிக்கும். பல நாடுகளில் மருத்துவப் பதிவுகளின் ரகசியத்துக்குச் சட்டமும் உண்டு.

அதற்காக அழிந்து போகட்டும் என்று விடவும் மனம் வராது. ஓர் ஊரின் நோய் வரலாறு அதில் இருக்கிறது. நான் செய்வது: பக்கம் தெரியாமல் அட்டையை மட்டும் ஒரு படம், எந்த அறை, எந்த அலமாரி என்று குறிப்பு, அப்புறம் உரிமையாளருக்கும் அந்தப் பகுதி ஆவணக் காப்பகத்துக்கும் ஒரு கடிதம். ஒரு தடவை வந்து எடுத்துப் போனார்கள். மற்ற தடவைகளில் பதிலே வரவில்லை.

இடத்தோட பேரைக் கேட்டா ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க?

பெயர் வெளியே போன சில மாதங்களில் ஜன்னல் உடையும், சுவரில் பெயின்ட் எழுத்து வரும், செம்புக் கம்பிக்காகச் சுவரைப் பிளப்பார்கள், கடைசியில் யாராவது தீ வைப்பார்கள். கூடவே, இந்தப் பக்கத்தில் இருக்கும் எதையும் படிக்காத ஒரு பையன் தனியாக உள்ளே போவான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முறைப்படி, டிக்கெட் எடுத்தே பார்க்கிற மாதிரி இடம் எதுவும் இல்லையா?

இருக்கிறது, முதல் தடவை என்றால் அதைத்தான் சொல்வேன். ஜெர்மனியில் பெர்லினுக்கு வெளியே காட்டுக்குள் இருக்கும் பெலிட்ஸ் காசநோய் விடுதி 1898-இல் கட்டத் தொடங்கியது, 1945-க்குப் பிறகு சோவியத் ராணுவ ஆஸ்பத்திரியாக இருந்தது, 1990-களில் காலியானது. இப்போது மரங்களின் உச்சி உயரத்தில் நடைபாலம் போட்டிருக்கிறார்கள், 2015 முதல் மேலேயிருந்தே சிதைந்த கட்டடங்களைப் பார்க்கலாம். நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் கப்பலில் வந்த குடியேறிகளுக்கான ஆஸ்பத்திரி பல பத்தாண்டுகள் பூட்டியே கிடந்தது, 2014 முதல் தலைக்கவசம் கொடுத்து வழிகாட்டியோடு கூட்டிப் போகிறார்கள். எங்கே கால் வைக்கலாம் என்று வேறொருவர் பார்த்துச் சொல்லிவிடுவதால் நிம்மதியாகச் சுவரைப் பார்க்கலாம்.

ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் இருக்குன்னா எதைப் பார்ப்பீங்க?

எல்லாரும் ஆபரேஷன் தியேட்டர் என்று சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். இல்லை, வார்டுக்குள் இரவு நர்ஸ் உட்காரும் மேசை. எங்கே போட்டிருக்கிறார்கள், அங்கிருந்து என்னென்ன தெரிகிறது என்று பார்ப்பேன்.

ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் அந்த மேசையின் வலது ஓரம் முழங்கை பட்டுப் பட்டு வழவழவென்று தேய்ந்திருந்தது. நாற்காலியின் ஒரு காலைக் கரையான் தின்றிருந்ததால் உட்காரவில்லை, முட்டி போட்டு அந்த உயரத்திலிருந்து பார்த்தேன். இருபத்து நான்கு கட்டில் கிடந்த அடையாளத்தில் இருபத்து மூன்று தெரிந்தது, கடைசியில் ஒன்றை மட்டும் தூண் மறைத்தது. எதிர்ச்சுவரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, அதுவும் ஏன் இவ்வளவு கோணலாக மாட்டியிருக்கிறார்கள் என்று முதலில் புரியவில்லை. ரசம் பாதி போய்விட்டிருந்தது. மிச்சம் இருந்த பாதியில், தூணுக்குப் பின்னால் இருந்த அந்தக் கட்டிலின் தலைமாடு தெரிந்தது.